வேலை போச்சு, லாகின் போகல: 180 சர்வர்கள் அழிந்தது எப்படி?

பழனி அடிவாரத்துல ஒரு லாட்ஜ். மேனேஜர் வேலையை விட்டுப் போறார். மாஸ்டர் சாவியை யாரும் திருப்பி வாங்கல. என்ன ஆகும்? சிங்கப்பூரின் என்.சி.எஸ். ஐ.டி. நிறுவனத்தில் நடந்தது இதுதான்.

2022 நவம்பரில் வேலையிழந்த இந்திய ஊழியரின் அட்மின் லாகின் முடக்கப்படவில்லை. ஊர் திரும்பியவர், 2023 ஜனவரியில் இந்தியாவிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தார். மார்ச்சில், மீண்டும் சிங்கப்பூரில் இருந்தபோது, 180 சோதனை சர்வர்களை அழித்தார். நஷ்டம் சுமார் 9.18 லட்சம் சிங்கப்பூர் டாலர். 2024 ஜூனில் அவருக்கு 2 ஆண்டு 8 மாதச் சிறை.

தடுப்பது எப்படி?

சர்வருக்குள் தூரத்திலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழிகளில் ஒன்று எஸ்.எஸ்.ஹெச். நூறு சர்வர் இருந்தா, ஒவ்வொன்றிலும் போய் பெயரை நீக்கும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும். அதனால் சர்வர்களைக் குழுவாகப் பிரித்து, அனுமதியை ஒரே இடத்தில் வைக்கிறார்கள். ஊழியர் விலகியதும் ஏ.பி.ஐ. வழியாக ஒரே உத்தரவு. குழு முழுக்க அவருக்குக் கதவு மூடும்.

ஆனா இது மட்டும் போதாது. பலர் பகிரும் அட்மின் பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்தணும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பையும் துண்டிக்கணும்.

கணக்கு முடிச்சு அனுப்பும்போதே சாவியையும் வாங்கிடணும்!