கிணற்று வாயில் யார் அளப்பது?

ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு டீசல் வாங்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். படித்தவரோ படிக்காதவரோ, அளவு காட்டும் எண்ணிலிருந்து படகுக்காரர் கண்ணை எடுப்பதே இல்லை. நூற்றுக்கணக்கான லிட்டர் செலவழித்துக் கடலுக்குப் போகிறவருக்கு, அளவிலே குறைவது மீன் விற்ற காசிலே குறைவதுதான்.

சில்லறை விற்பனையில் இதற்குப் பரிகாரம் உண்டு. சர்க்கார் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இருக்க வேண்டும். கேட்டவருக்கு அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டருக்கு மேல் பேதம் கூடாது. ஆனால் அந்த டீசலின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால் ஓர் எண்ணெய்க் கிணற்றின் வாயிலுக்கு வந்து சேருவோம். அங்கே அளப்பவர் யார்? அந்தக் கணக்கு யாருக்குத் தெரியும்?

நிலத்தடியில் எடுக்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் உரிய ராயல்டி மாநில சர்க்காருக்குச் சேருகிறது. கடலடியில் எடுப்பதற்கு மத்திய சர்க்காருக்கு. இரண்டும் பொதுஜனங்களின் பணமே. 1948-ஆம் வருஷத்து எண்ணெய் வயல்கள் சட்டமும், அதையொட்டி 1959-ல் வகுத்த விதிகளும் இதற்காகவே ஏற்பட்டன. முந்திய மாதம் எவ்வளவு கச்சா எண்ணெய், எவ்வளவு வாயு கிடைத்தது என்று குத்தகைதாரர் மாதந்தோறும் கணக்குக் கொடுக்கவேண்டுமென்று அவ்விதிகள் கட்டளையிட்டன.

நெல்லை மரக்காலில் அளப்பது போல் இதை அளந்துவிட முடியாது. கிணற்றிலிருந்து எண்ணெய், வாயு, உப்பு நீர் மூன்றும் கலந்தே வருகின்றன. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். எண்ணெயோ வெயிலில் விரியும் சுபாவமுடையது. 15 டிகிரி உஷ்ணத்தில் 10,000 லிட்டராக இருப்பது 35 டிகிரியில் ஏறத்தாழ 10,160 லிட்டராகி நிற்கும். வாயு அழுத்தத்துக்குத் தக்கபடி சுருங்கும். ஆகையால் எங்கே அளந்தாலும், 15 டிகிரி உஷ்ணத்திலும் சாதாரணக் காற்றழுத்தத்திலும் எவ்வளவு இருக்கும் என்று திருத்திக் கணக்கிடுகிறார்கள்.

வாயுவை அளக்கும் ஒரு முறை, குழாயினுள்ளே துவாரமிட்ட தகட்டைப் பொருத்தி, அதன் இரு பக்கத்து அழுத்த வித்தியாசத்தைப் பார்ப்பது. அந்தத் துவாரத்தின் கூரிய விளிம்பு நாளடைவில் தேய்ந்து மழுங்கினால், கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பொய் சொல்ல எண்ணியவர் எவருமில்லாமலே கணக்குப் பொய்யாகிவிடும்! தகட்டைக் குறித்த காலத்தில் எடுத்துப் பார்ப்பதும், பார்த்த தேதியை எழுதி வைப்பதும் வெறும் காகித வேலை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சட்டத்தின் 6ஏ பிரிவில் ஒரு சலுகை உண்டு. தவிர்க்க முடியாமல் நஷ்டமானதற்கும், பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்பியதற்கும், கிணற்று வேலைக்கே உபயோகித்ததற்கும் ராயல்டி இல்லை. இது நியாயமே. ஆயினும் தவிர்க்க முடியாத நஷ்டம் எது, அசிரத்தையால் வந்த நஷ்டம் எது என்று பிரித்துச் சொல்ல, நஷ்டத்தையும் அளந்திருக்க வேண்டும் அல்லவா? நார்வே தேசத்தில் 1991 முதல் கடற்கிணறுகளில் வீணே எரித்துவிடும் வாயுவுக்கும் வரி விதித்தார்கள். அதனால் அந்தத் தீச்சுவாலையையும் அளந்தே தீர வேண்டியதாயிற்று.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதே ஜில்லாவில், 2017-ல், நெடுவாசல் ஜனங்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நாட்கணக்கில் பந்தலில் அமர்ந்தார்கள். அவ்வருஷம் ஜூன் 30-ஆம் தேதி தஞ்சை ஜில்லாக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, ஊரே கொதித்தெழுந்தது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஜெகதாப்பட்டினம் அடங்கிய மணமேல்குடி ஒன்றியமும் அம்மண்டலத்தில் சேர்ந்தது. இங்கே புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டுவதை அச்சட்டம் தடுக்கிறது. ஆனால் முன்பே நடந்துவரும் கிணறுகளை அது நிறுத்தவில்லை. வேலி நிலத்துக்குத்தான், நம் எதிரே விரிந்து கிடக்கும் கடலுக்கு அல்ல.

நம் நாடு உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அயல் நாடுகளிலிருந்து வருகிறது. சுதேசி எண்ணெய் வேண்டுமென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் வயலுக்கடியில் என்ன நடக்கிறதென்று அறியாத குடியானவரிடம் தேசபக்தியை மட்டும் எதிர்பார்ப்பது தர்மமாகாது.

நான் வேண்டுவது பெரிய காரியமல்ல. சர்க்காருக்குப் போகும் அந்த மாதக் கணக்கு, கிணறுள்ள ஊரின் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் தமிழில் ஒட்டப்படட்டும். எடுத்த எண்ணெய் இவ்வளவு, வாயு இவ்வளவு, எரித்தது இவ்வளவு, கூடவே வந்த நீர் இவ்வளவு, அது போன இடம் இது, அளவு கருவியைச் சோதித்த நாள் இது என்று ஆறு வரிகள் போதும். கூட்டல் கழித்தல் தெரிந்த பள்ளிப் பிள்ளை அதைத் தன் பாட்டனாருக்குப் படித்துக் காட்டுவான். படகுக்காரருக்கு 5 லிட்டர் பாத்திரத்தால் கிடைத்த உரிமை, குடியானவருக்கு அந்த ஆறு வரிகளால் கிடைக்கும்.