மெஷினைக் கழுவுறது பெரிய வேலை இல்லீங்க

போன ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து மக கூப்பிட்டுச்சு. வெளுத்துப் போன காட்டன் சேலைக்குச் சாயப் பவுடர் வாங்கி, வாஷிங் மெஷின்லயே போட்டு நீலம் ஏத்தியிருக்குது. சேலை நல்லாத்தான் வந்துச்சாம். அடுத்துப் போட்ட மாப்பிள்ளையோட வெள்ளை வேட்டியும் நீலமா வந்துருச்சு. "அப்பா, சாயப்பட்டறையில வேலை பார்த்தவர்தானுங்களே நீங்க, இதுக்கு என்னங்க பண்றது?"ன்னு கேட்டுச்சு.

பார்த்தவன்தான். மழை பொய்ச்ச ரெண்டு வருஷம் காட்டைப் போட்டுட்டுத் திருப்பூர் போய் நின்னவன்.

தெரிஞ்சதைச் சொன்னேன். வேட்டியைக் காய விடாதே, ஈரத்தோடயே சோப்புப் போட்டுத் திரும்ப அலசு. மெஷின் உள்ளே இருக்கிற எவர்சில்வர் தொட்டியில சாயம் நிக்காது. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் மடிப்புலயும் சோப்புப் போடுற டப்பாவுலயும் பஞ்சு வடிகட்டிலயும்தான் ஒளிஞ்சுக்கும். அதையெல்லாம் பழைய துணியால தொடைச்சிட்டு, துணியில்லாம சுடுதண்ணியில சோப்புப் போட்டு ஒரு தடவை ஓட்டு. அப்பவும் நிறம் வந்தா, அடுத்த தடவை கொஞ்சம் பிளீச் ஊத்தி ஓட்டு. பிளீச்சோட வினிகரைச் சேர்த்துறாதே, விஷவாயு வரும். அப்புறம் பழைய வெள்ளைத் துணி ஒண்ணைப் போட்டுப் பாரு. சாயம் கலக்கின பாத்திரம் திரும்ப சமையலுக்கு ஆகாது.

மெஷின் கதை இவ்வளவுதான். ஆனா அந்த நீலத் தண்ணி எங்க போச்சுன்னு மக கேக்கல. நீங்களும் கேக்க மாட்டீங்க. நானும் அந்த ரெண்டு வருஷம் கேக்கலை.

எங்க காடு நொய்யலுக்குப் பக்கத்துல. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில சாயத்தண்ணி தேங்குற தொட்டியாப் போச்சு. எங்க தோப்பு இளநி உப்புக் கரிச்சுது. கெணத்துத் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். நான் வேலை செஞ்ச பட்டறை ராத்திரியில தொறந்துவிட்ட தண்ணியும் அதுல இருந்திருக்கும். அந்தச் சம்பளத்துலதான் மகளுக்குப் பள்ளிக்கூடம் ஃபீஸ் கட்டினேன்.

நிறத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. என் காட்டைக் கெடுத்தது உப்புங்க. பருத்தியில சாயம் ஏற உப்பு வேணும், வீட்டுச் சாயத்துக்கும் கை நிறையப் போடச் சொல்றாங்க. துணி அதைக் குடிக்காது, போட்டது அத்தனையும் தண்ணியோட வெளியே வரும். சாதாரண சாக்கடை சுத்திகரிப்புல உப்பு பிரியாது.

ஒரு சேலைக்கு இவ்வளவு பேச்சான்னு தோணும். பட்டறைக் கணக்குல அது ஒரு சொட்டுக்கூட இல்லைதான். ஆனா 2011-ல் ஹைகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொன்னப்புறம், கழிவை ஒரு சொட்டு வெளியே விடாம இருந்தாத்தான் தொறக்கலாம்னு ஆச்சு. வீட்டுக்கு அந்தக் கேள்வி இல்லை. மெஷின்ல சாயம் ஏத்தி, அலசி, அப்புறம் மெஷினைக் கழுவவே ரெண்டு மூணு ஓட்டம் ஓட்டினா எத்தனை குடம் தண்ணி! அதே சேலைய ஒரு பழைய பக்கெட்டுல நனைச்சா ரெண்டு குடத்துல முடிஞ்சுரும், மெஷினும் தப்பிக்கும். அந்தத் தண்ணியைச் செடிக்கு மட்டும் ஊத்திராதீங்க, மழைத்தண்ணி ஓடுற கால்வாய்லயும் விட்டுராதீங்க. பாதாளச் சாக்கடைக்குப் போற குழாய்தான் இருக்கிறதுல தேவலை.

"சரிங்கப்பா, இனி பக்கெட்டுலயே பண்றேனுங்க"ன்னு சொல்லுச்சு. இன்னும் ரெண்டு பொட்டலம் மிச்சம் இருக்குதாம், பச்சை ஒண்ணு, மெரூன் ஒண்ணு.