சுருட்டின் கறுப்புக்கு விலை எங்கிருந்து வருகிறது?

சுருட்டுப் புகையிலை பயிரிடும் நம் விவசாயிகள் நாற்றங்காலில் தொடங்கிச் சிப்பம் கட்டும் வரை மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். ஆனால் இலைக்கு விலை வைப்பது சில நிமிட வேலையாக முடிந்து விடுகிறது. வியாபாரி வந்து சிப்பத்துக்குள் கையை விட்டு நாலு இலையை உருவுகிறார். இழுத்துப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், ஒரு விலையைச் சொல்கிறார். அந்த நாலு இலையில் அவர் என்ன கண்டார் என்பது நமக்குத் தெரியாததால், பேரம் பேச நமக்கு வாய் எழுவதில்லை. தன் இலையைத் தானே மதிப்பிடத் தெரியாதவர் பிறர் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டியிருக்கும். இந்தக் கலையை விவசாயி கற்றுக்கொள்ள வேண்டும், கற்கவும் முடியும் என்பதே என் கருத்து.

இதை விளக்க, உலகச் சந்தையில் உயர்ந்த விலைக்குப் போகும் ஒரு சுருட்டை எடுத்துக் கொள்வோம். 'ரோபஸ்டோ' என்பது குட்டையான, பருமனான சுருட்டு. நீளம் ஏறக்குறைய 5 அங்குலம், குறுக்களவு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அதிலும் கறுத்த மேலிலை சுற்றியதை 'மதுரோ' என்கிறார்கள். இந்த ஸ்பானியச் சொல்லுக்குக் கறுப்பு என்று பொருளில்லை. 'பழுத்தது' என்று பொருள். பெயரிலேயே பாடம் இருக்கிறது. இலை செடியில் முற்றி, கொட்டகையில் பாடமாகி, பட்டறையில் புழுங்கிய பிறகு வரும் கறுப்புக்கே மதிப்பு.

சுருட்டுக்கு மூன்று பாகங்கள் உண்டு. நடுவில் இருப்பது உள்ளிலை. அதை இறுக்கிப் பிடிப்பது கட்டிலை. வெளியே சுற்றுவது மேலிலை. எடையில் மேலிலையின் பங்கு மிகச் சிறிது; ஆனால் கிலோவுக்கு அதிக விலை பெறுவது அதுவே. மதுரோ சுருட்டுக்குப் பெயர்பெற்ற மேலிலைகள் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், மெக்சிகோவின் சான் அந்த்ரேஸ் பகுதியிலும் விளைகின்றன. கனெக்டிகட் அகல இலை ரகத்தைத் திறந்த வெயிலில் வளர்த்து, செடியோடு வெட்டி, கழியில் கோத்து, கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அங்கும் எல்லா இலையும் மேலிலையாகத் தேறுவதில்லை. தேறாதவை கட்டிலையாகவோ உள்ளிலையாகவோ போகின்றன.

மேலே செல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுருட்டு சிகரெட்டை விடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் தவறு. வாய், தொண்டை, உணவுக் குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை அது உண்டாக்கும். சுருட்டுப் புகைக்குக் காரத் தன்மை உண்டு. ஆகவே புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் வழியே உடலில் ஏறிவிடும். இக்கட்டுரை யாரையும் புகைக்கச் சொல்லவில்லை. சுவைப்பவர் வாயால் அறிவதில் பெரும்பகுதியை விவசாயி கண்ணாலும் கையாலும் மூக்காலும் ஓர் ஊதுவத்தியாலும் அறிந்துகொள்ளலாம்.

கண்ணால் பார்த்தல்

சுருட்டை மதிப்பிடுவோர் முதலில் பெயர்ப்பட்டையை மறைத்து விடுகிறார்கள். அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' என்ற பத்திரிகை இம்முறையைப் பின்பற்றித்தான் மதிப்பெண் தருகிறது. பிறகு மேலிலையைப் பார்க்கிறார்கள். கறுப்பு ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா? நரம்பு பருத்துத் துருத்துகிறதா? மேலே எண்ணெய்ப் பசை மினுமினுக்கிறதா? குண்டூசி குத்தியது போன்ற துளை உண்டா?

இவை ஒவ்வொன்றும் நம் வயலையும் கொட்டகையையும் பற்றிய கேள்விகளே. திட்டு விழுந்தால் இலை சீராக முற்றவில்லை, அல்லது பட்டறையைச் சரியாகப் புரட்டிப் போடவில்லை. பச்சைத் திட்டு தங்கினால் அவசரப்பட்டு உலர்த்தியிருக்கிறோம். துளை இருந்தால் சேமிப்பில் புகையிலை வண்டு புகுந்திருக்கிறது. சாயம் ஏற்றிக் கறுப்பாக்குவோரும் உண்டு. ஈரவிரலால் தேய்த்தால் நிறம் ஒட்டும் சுருட்டின் மேல் தேர்ந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கையால் தொடுதல்

அடுத்து, சுருட்டை விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பார்க்கிறார்கள். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் புகை சீராக வராது. இது சுருட்டுபவரின் கைத்திறன். ஆனால் மேலிலையின் இழுவிசை நம் கைத்திறன். பதமான ஈரத்தில் நல்ல இலை தோல்போல் வளைந்து கொடுக்கும். நீர் குறைந்து வாடிய இலையும், நோய் கண்ட இலையும், காலம் தப்பி ஒடித்த இலையும் நொறுங்கும். கறுத்த மேலிலைக்கு இலை தடிப்பாக இருக்க வேண்டும். நீடித்த புழுக்கத்தைத் தாங்கும் சக்தி தடித்த இலைக்கே உண்டு. பூங்கொத்தைக் காலத்தில் கிள்ளுவதும், பக்கச் சிம்புகளை விடாமல் ஒடிப்பதும் இலைக்குத் தடிப்பைத் தருகின்றன.

மூக்கால் அறிதல்

பற்ற வைக்கும் முன் சுருட்டை முகர்கிறார்கள். நுனியை வெட்டி, நெருப்பில்லாமல் ஒருமுறை காற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். நன்கு பழுத்த இலையில் மரம், காப்பி, கோகோ, உலர்ந்த பழம் போன்ற வாசனைகள் தெரியும் என்பது அவர்கள் வழக்கு. நமக்கு முக்கியமானது இன்னொரு நெடி. அது அம்மோனியா நெடி. இலையைக் குவித்துப் பட்டறை போடும்போது உள்ளே வெப்பம் ஏறுகிறது. அப்போது அம்மோனியா வெளியேறும், நிகோடினும் ஓரளவு குறையும். கறுத்த மேலிலைக்கு மற்ற இலையைவிட அதிக வெப்பமும் அதிக நாளும் தருகிறார்கள். வெப்பம் எல்லை மீறுமுன் பட்டறையைப் பிரித்து, மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றி அடுக்குகிறார்கள்.

விற்கும் நாளில் சிப்பத்தைப் பிரித்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வருமானால் இலை இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். பூசண வாடை வந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறோம். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறிப் போட்ட வயலின் இலைக்கும் இக்குறை வரும். பார்வைக்குக் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். முற்றக் காலம் கடத்தும். புகையில் காட்டம் காட்டும்.

நெருப்பில் தெரியும் உண்மை

மதிப்பிடுவோர் சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்துச் சுவைக்கிறார்கள். முதல் பாகத்தில் மேலிலையின் இனிப்பும் காரமும் தெரியும். நடுப்பாகத்தில் உள்ளிலைகளின் கலவை வெளிப்படும். கடைசிப் பாகத்தில் சூடும் காட்டமும் ஏறும். நீளச் சுருட்டில் புகை ஆறி வர இடமுண்டு. குட்டைச் சுருட்டில் நெருப்பு வாய்க்கு அருகிலேயே இருப்பதால் இலையின் குறையை மறைக்க இடமில்லை. கோணலாக எரிகிறதா, அடிக்கடி அணைகிறதா, சாம்பல் உறுதியாக நிற்கிறதா என்றும் கவனிக்கிறார்கள்.

எரியும் குணத்தில் பெரும் பங்கு மண்ணிலும் நீரிலும் உரத்திலும் அடங்கியிருக்கிறது. சாம்பல்சத்து இலையை விடாமல் கனிய வைக்கும். குளோரைடு உப்பு நெருப்பை அணைக்கும். இலையில் குளோரைடு ஏறக்குறைய 2 சதவிகிதத்தைத் தாண்டினால் எரிதிறன் கெட்டுவிடும். மெல்லும் புகையிலைக்கு உப்புநீர்க் கிணறு பெருங்குறையாகக் கருதப்படுவதில்லை. எரிக்கும் புகையிலைக்கு அது பெரும் பாதகம். எனவே சுருட்டுக்குப் பயிரிடுவோர் மியூரியேட் ஆஃப் பொட்டாஷைத் தவிர்த்து, சற்று விலை கூடினாலும் சல்பேட் ஆஃப் பொட்டாஷையே இட வேண்டும். காம்ப்ளெக்ஸ் உரம் வாங்கும்போதும் அதில் சாம்பல்சத்து எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

சாம்பலும் பேசும். மக்னீசியம் போதிய அளவு உள்ள இலை வெளுத்த சாம்பலைத் தரும். நம் திருச்சிச் சுருட்டின் சாம்பல் இலக்கியத்திலேயே இடம் பெற்றது. ஆர்தர் கானன் டாயில் 1887-ல் வெளியிட்ட 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில், கறுத்து உதிரும் சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். கடல் கடந்து அவ்வளவு தூரம் அடையாளம் தெரிந்த சரக்கு நம்முடையது.

ஊதுவத்திச் சோதனை

புகைக்காமலே எரிதிறனை அறிய எளிய வழி உண்டு. பாடமான, ஈரம் தணிந்த இலையை எடுத்து, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில் கனலும் ஊதுவத்தியைத் தொட வையுங்கள். இலையில் கனல் பற்றியதும் ஊதுவத்தியை எடுத்துவிடுங்கள். கனல் தானே எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒரே சிப்பத்தில் பத்து இலையாவது பார்க்க வேண்டும். ஒரே அளவு காய்ந்த இலைகளைக் கொண்டு, வயல்வாரியாக, கிணறுவாரியாக ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். ஒரு கிணற்றுப் பாசனத்து இலை மட்டும் உடனுக்குடன் அணைந்தால், அந்த நீரைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் குளோரைடு அளவைக் கேளுங்கள். அணைகிற இலையையும் கனல்கிற இலையையும் ஒரே சிப்பத்தில் கட்டினால் நல்ல இலைக்கும் மட்ட விலைதான் கிடைக்கும்.

தரம் பிரித்தால் யாருக்கு லாபம்?

செடியின் அடியிலை, நடுவிலை, நுனியிலை மூன்றும் குணத்தில் வேறு. அடியிலை மெலிந்தது, எளிதில் எரியும். நடுவிலை மணம் தரும். நுனியிலை தடித்தது, காரம் மிக்கது, மெதுவாக எரியும். உயர்ரகச் சுருட்டுத் தொழிற்சாலைகள் இவற்றை அளவோடு கலந்துதான் உள்ளிலை அமைக்கின்றன. நாம் மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்கிறோம். வாங்கியவர் ஆள் வைத்துப் பிரித்து, தரத்துக்கொரு விலை பெறுகிறார். பிரிக்கும் கூலியைத் தவிர மிச்சமெல்லாம் அவருக்கு லாபம். பிரிக்க ஆள் கூலி கட்டாது என்பார்கள் சிலர். ஒரு சிப்பத்தை மட்டும் பிரித்து, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தரத்தைத் திரட்டி வைத்தால் வாங்குபவர் நம் பேச்சுக்குக் காது கொடுப்பார்.

ஆசை காட்டுவது என் நோக்கமல்ல. கறுத்த மேலிலைக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு யாரும் புதிதாக நிலத்தை இதற்குத் திருப்ப வேண்டாம். மேலிலைக்கு ஏற்ற காற்று ஈரம் வறண்ட திண்டுக்கல் வட்டாரத்தில் எளிதில் அமையாது. அது உள்ளிலைக்கே ஏற்ற சீமை. மேலும், 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் சுருட்டுக்கும் பொருந்தும். 2005-ல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. புகையிலை விவசாயிக்கு மாற்று வாழ்வு தேடித் தர வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு கூறுகிறது. இப்போதே ஒரு பகுதி நிலத்தில் முருங்கை, காய்கறி என்று மாற்றுப் பயிரைப் பழகிக் கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு எச்சரிக்கை. பனியிலும் மழையிலும் நனைந்த பச்சை இலையைத் தொட்டு வேலை செய்தால் நிகோடின் தோல் வழியே ஏறும். தலைச்சுற்றலும் வாந்தியும் வரும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் ஈர இலை ஒடிக்கக் கூடாது. பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் இவ்வேலைக்கு அனுப்பவே கூடாது.

இந்தப் பயிரை விடும்வரை அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தப் பட்டத்து இலை கொட்டகையில் இருக்கும்போதே அடி, நடு, நுனி என்று பிரித்து வையுங்கள். முகர்ந்து பாருங்கள், ஊதுவத்தி வைத்து எண்ணுங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வியாபாரி சிப்பத்தில் கைவிடும்போது, அவர் உருவும் இலையைப் பற்றி அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.