வழக்கம் என்னும் சாக்கு

மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஈப்போ நோக்கி வரும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, ஜெலாப்பாங் வரை மலைச்சரிவாகவே இறங்குகின்றது. சமநிலத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்றிருக்கும் வேக வரம்பு, இம்மலைப் பகுதியில் 80 எனக் குறைகின்றது. பலகை பெரிதாகவே நிற்கின்றது, மதிப்போர்தாம் சிலர். “இது நம் நாட்டு வழக்கம்” என்று கற்றவரே அமைதி கூறக் கேட்கின்றேன். இக்கூற்றை வன்மையாக மறுக்கின்றேன்.

குருதியில் ஊறிய வழக்கமாயின், எல்லை கடந்த பின்னும் அது உடன்வர வேண்டுமன்றோ? ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் நுழையும் நம்மவர், அங்குள்ள 90 கிலோமீட்டர் வரம்புக்குப் பணிகின்றார். அங்கே அடங்கிச் செல்லும் சிங்கப்பூர் ஓட்டுநருள் சிலரோ, இங்கு வந்ததும் அம்பெனப் பாய்கின்றனர். எல்லைக்கோட்டில் மாறியது பிடிபடுவோம் என்னும் அச்சமே. தமிழிலக்கணம் உயர்ந்தோர் ஒழுகியதையே வழக்கு எனக் கொண்டது. அச்சொல்லை இதற்குச் சூட்டலாமா?

செர்மனியைச் சான்று காட்டுவோரும் உளர். அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் பல பகுதிகளில் கட்டாய வரம்பு இல்லை. 130 என்பது பரிந்துரையே. உண்மைதான். ஆனால் சாலையின் வலப்புறம் செல்லும் அந்நாட்டில் இடத்தடம் முந்துவதற்கே உரியது. முந்தியவர் மீண்டும் வலத்தடத்திற்குத் திரும்ப வேண்டும். அவ்வொழுங்கை விடுத்து வேகத்தை மட்டும் இரவல் கேட்பது எவ்வகை நேர்மை? நாமோ விளக்கை மின்னி முன்செல்வோரை விரட்டுகின்றோம். அவசரத் தடத்திலும் ஓடுகின்றோம். சம்மன் வந்தால் கழிவு அறிவிக்கும் நாளுக்குக் காத்திருந்தோம்.

கணக்கையும் பார்ப்போம். 20 கிலோமீட்டரை 80 வேகத்தில் கடக்க 15 நிமிடம். 110 வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம். ஈட்டுவது நான்கு நிமிடம். மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்ந்து, ஏறத்தாழ இருமடங்காகின்றது. இந்நாட்டுச் சாலைகளில் மடிவோருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். காலைதோறும் நம் தமிழ்ப்பள்ளி வாயிலில் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோருள் பலர் அவ்வண்டியில்தான் வருகின்றனர். நான்கு நிமிடத்திற்கு யார் உயிரை விலை பேசுகின்றோம்?

ஆசிரியப் பெருமக்களே! நன்னெறிப் பாடத்தில் சட்டத்தை மதித்தல் பற்றி எழுதி முழுப்புள்ளி பெறும் மாணவன், விடுமுறையில் நம் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து வேகமானியைப் பார்க்கின்றான். அவன் நம்புவது பாடநூலையா, அந்த முள்ளையா? வழக்கத்தைத் தொடங்குவோர் நாமே. காவலரும் கேமராவும் இல்லாத இரவிலும் ஜெலாப்பாங் சரிவில் 80 கடவாமல் இறங்குவோம். அன்று கூறலாம், இது நம் வழக்கம் என்று.