அஸ்திவாரத்தில் அலட்சியம்

நம்மவரில் ஒருவர் தம் ஆயுளில் பெரும்பாலும் ஒரு வீடுதான் கட்டுகிறார். கண்ணுக்குத் தெரியும் தளத்துக்கும் வாசற்கதவுக்கும் தாராளமாய்ச் செலவிடும் அவர், மண்ணில் மறையும் அஸ்திவாரத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பது விசனிக்கத்தக்கதாகும். தளம் கெட்டால் மாற்றலாம். அஸ்திவாரம் கெட்டால் வீடே கெட்டது.

முதலாவதாக மண்ணை அறிய வேண்டும். கரிசல் பூமி மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் வெடிக்காமலிராது. அடுத்த வீட்டார் நாலடி தோண்டினார் என்பது நமக்குப் பிரமாணமாகாது. இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண்களை ஊன்றும் முறையை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துத் தந்திருக்கின்றனர்.

இரண்டாவது, காங்கிரீட்டின் தரம். கலவை எளிதாய் இறங்கும்பொருட்டு மிகுதியாய் நீர் சேர்த்தால், அந்நீர் வற்றியபின் நுண்துளைகளே எஞ்சும். அத்துளைகளின் வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். ஆகவேதான் 2000-ம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி, அஸ்திவாரக் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் காங்கிரீட் மூட வேண்டுமென்றும், சாதாரண சிமெண்டாயின் 7 நாளேனும், உஷ்ணமும் வறட்சியும் மிகுந்தவிடத்து 10 நாளேனும் ஈரம் காக்க வேண்டுமென்றும் கூறுகிறது. குறைந்த கூலிக்கு விரைந்து முடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னர் கொத்தனாரைக் குறை கூறுவது நியாயமன்று.

2024 ஜூலையில் தமிழ்நாட்டு சர்க்கார் சுயசான்று முறையைக் கொண்டுவந்தனர். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தல ஆய்வுக்குக் காத்திராமல் அனுமதி பெற இது வழி செய்தது. தாமதத்துக்கும் கைக்கூலிக்கும் இடம் குறைவதால் இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், அதிகாரி வந்து பாராத குழியை வீட்டுக்காரரேனும் பார்த்தாக வேண்டுமல்லவா? சாமானியருக்கு அதில் எதைப் பார்ப்பதென்று தெரியாது. எனவே அனுமதிச் சீட்டோடு, அஸ்திவாரத்தில் கவனிக்க வேண்டியவற்றை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தருமாறு சர்க்காரை வேண்டுகிறோம்.

வீடு கட்டும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை: கம்பி கட்டி முடிந்ததும் தகுதியுள்ள பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் சம்மதித்த பின்னரே காங்கிரீட் இடச் சொல்லுங்கள். மண் மூடியபின் வருந்திப் பயனில்லை.