இன்பம் போவது கர்மத்தினாலா?

நமது நாட்டில் ஒருவனுக்கு உண்ணும் சோறு ருசிக்காமல், பெற்ற பிள்ளையின் சிரிப்பிலும் சந்தோஷம் தோன்றாமல், மாதக்கணக்காய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்படியான நிலை வந்துவிட்டால், உடனே மூன்று பேர் வீடு தேடி வந்துவிடுகின்றார்கள். சோதிடன் "சனி பிடித்திருக்கின்றது" என்கின்றான். பூசாரி "காத்துக்கருப்பு" என்கின்றான். சாஸ்திரியோ "பூர்வ ஜன்ம கர்மம்" என்கின்றார். காரணத்தில் மூவரும் மாறுபட்டாலும், தட்சணை விஷயத்தில் மட்டும் அபிப்பிராய பேதமே கிடையாது! நாலாவதாக ஒரு வேதாந்தி வந்து, "இதுவே பற்றற்ற நிலை" என்று வியாதியையே புகழ்ந்துவிட்டுப் போகின்றார்.

இவர்களில் யாராவது அம்மனிதனின் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேல்தோலிலும் புரதத்தாலான நுண்ணிய மடைகள் உண்டு. சோடியம் மடை திறந்தால் மின்னேற்றமுள்ள சோடியம் உள்ளே பாய்ந்து அணு துடிக்கும். பொட்டாசியம் மடை திறந்தால் அது வெளியேறித் துடிப்பு அடங்கும். இதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர் கணவாயின் பெரிய நரம்பில் அளந்து, 1952-ல் கணக்காகவே எழுதிக் காட்டி, 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி, இன்பம் போகும் விதத்தைப் பார்ப்போம். நியூயார்க்கிலுள்ள விஞ்ஞானிகள் சிறிய சுண்டெலிகளை நாள்தோறும் ஒரு முரட்டுப் பெரிய எலியிடம் கடிபடும்படி விட்டார்கள். பத்து நாளில் சில எலிகள் சர்க்கரைத் தண்ணீரிலும் விருப்பங் குன்றி மூலையில் ஒதுங்கின. சில எலிகள் தாக்குப்பிடித்தன. ஒதுங்கிய எலிகளின் நடுமூளையில், டோப்பமைன் சுரக்கும் அணுக்கள் மிதமிஞ்சித் துடித்தன. தாக்குப்பிடித்தவைகளில் பொட்டாசியம் மடைகள் அதிகமாய் வேலை செய்து அத்துடிப்பை அடக்கியிருந்தன என்று 2014-ல் கண்டார்கள். அம்மடைகளைத் திறக்கும் மருந்தைக் கொடுத்ததும் ஒதுங்கிய எலிகள் தேறின என்று 2016-ல் வெளியிட்டார்கள். இந்த எலிக்குச் சனி எந்த வீட்டில் இருந்தான்? எந்தப் பரிகாரத்தால் விலகினான்?

மனிதரிடமும் சோதித்தார்கள். காக்காய் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவந்த எஸோகாபைன் என்னும் மருந்தை 45 பேர் கொண்ட பரீட்சையில் ஒரு பகுதியாருக்கும், வெறும் மாத்திரையை மற்றவர்களுக்கும் ஐந்து வாரம் கொடுத்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்டவர்களுக்கு மனச்சோர்வும் இன்பமின்மையும் அதிகமாய்க் குறைந்தன. ஆனால் முக்கியப் பரீட்சையாக முன்கூட்டியே வைத்துக்கொண்ட மூளைப் படத்தின் மாறுதலோ, போதிய அளவுக்கு நிரூபணமாகவில்லை. அதையும் மறைக்காமல் அவர்களே எழுதினார்கள். தன் மந்திரம் பலிக்கவில்லை என்று எழுதி வைத்த மந்திரவாதி ஒருவனையாவது காட்டுவார்களா?

"மருந்து இன்னும் பூரணமாகவில்லையே, ஆகவே மந்திரம் மெய்தானே" என்று சிலர் வாதிக்கலாம். ஒரு பாலம் இன்னும் கட்டி முடியவில்லை என்பதற்காக ஆற்றின்மேல் நடந்துவிட முடியுமா? நம்பிக்கையின் பலனையும் கண்டிருக்கின்றோம். 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில், தெய்வ அருளால் குணமாகுமென்று கொண்டுவந்து சங்கிலியிட்டு வைத்திருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். சங்கிலி கூடாதென்று 2017-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுகின்றது.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். எலியின் மூளை தானாய்க் கெடவில்லை. பெரிய எலியின் கடியால் கெட்டது. ஆகவே மனிதனையும் நாள்தோறும் கடித்துக்கொண்டிருக்கும் கடனும், பசியும், சாதி இழிவும், வீட்டில் பெண்கள் படும் அடியும் மூளையைத் தொடாமலிருக்குமா? "கர்மம்" என்ற சொல்லோ கடித்தவனைத் தப்பவிட்டு, கடிபட்டவனையே குற்றவாளியாக்குகின்றது. அதுவே அச்சொல்லின் பெரும் புரட்டு.

ஆதலால் தோழர்களே! உங்கள் வீட்டில் ஒருவர் சிரிப்பை மறந்திருந்தால், சோம்பேறி என்று ஏசாதீர்கள், வேப்பிலை அடிக்காதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அவரைக் கடிப்பது எது என்றும் தேடுங்கள்.