ராத்திரி முப்பது, காலையில் நூறு!

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் என் பையன் ஆன்லைன் டியூஷனுக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டு, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினான். சற்றைக்கெல்லாம் "ஐயோ!" என்று ஓர் அலறல். கரண்டியும் கையுமாக ஓடினேன். ஹெட்ஃபோன் தரையில் கிடந்தது. பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பாட்டுக் கேட்டுட்டு சத்தத்தை ஏத்தி வெச்சிருப்பே. நல்லா வேணும்!" என்று அதட்டினேன்.

"இல்லேம்மா, முப்பதுலேதான் வெச்சேன். தானா நூறுக்குப் போயிடுச்சு."

"தானாப் போக அதுக்கென்ன காலா இருக்கு?"

என் மாமியார்தான், "புள்ளை பொய் சொல்றாப்பலே தெரியலியே. நீயே ஒரு தரம் போட்டுப் பாரேன்" என்றார்.

அன்றிரவு நானே 30ல் வைத்து அணைத்தேன். காலையில் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 30 என்றே காட்டியது. அரை நிமிஷம் கழித்து, தானாகவே 100! எனக்குச் சுருக்கென்றது.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த என் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, ரசம் கெட்டுப்போச்சுன்னா புளி, பொடி, பருப்பு எல்லாத்தையும் ஒரே நாள்லே மாத்துவியா? ஒவ்வொண்ணா மாத்திப் பாரு" என்று ஆரம்பித்து, அவன் சொல்லித் தந்த வரிசை இது. எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் 11.

1. முதலில் கீபோர்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போடுங்கள். சத்தம் ஏறவில்லை என்றால், பாலோ காப்பியோ கொட்டி, சத்தம் கூட்டும் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், ப்ளூடூத் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். ஸ்பீக்கரில் 30 வைத்திருந்தாலும் ஹெட்ஃபோனில் பழைய 100 இருக்கலாம். எது இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

3. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில், கம்ப்யூட்டரோடு தாமாக விழித்துக்கொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். ஒலி சம்பந்தமானதில் ஒன்றை மட்டும் 'டிஸேபிள்' செய்து, மறுபடி போட்டுப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

4. போன் பேசும்போதோ வகுப்பு நடக்கும்போதோ மற்ற சத்தம் தானாகக் குறைகிறதா? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று போய், 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியில் 'டூ நத்திங்' என்று வையுங்கள். மற்ற ஒலிகளை 80 சதவிகிதம் குறைப்பது அங்கே முன்கூட்டியே வைத்திருக்கும் ஏற்பாடு.

5. எதற்கும் மசியவில்லை என்றால், கம்ப்யூட்டர் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து ஒலிக்கான டிரைவரைப் புதிதாகப் போடச் சொல்லி, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எங்கள் வீட்டுக் குற்றவாளி மூன்றாவதில் அகப்பட்டது. ஒலியை மெருகேற்றுகிறேன் என்று கம்ப்யூட்டரோடு வந்த ஒரு புரோகிராம், தினமும் கண் விழித்ததும் தன் இஷ்டப்படி 100 வைத்திருக்கிறது. முதலில் 30 காட்டி, பிறகு ஏறியதன் ரகசியம் அதுதான். அதை நிறுத்தியதும் 30 என்றால் 30!

இது வெறும் மிஷின் சமாசாரம் இல்லை, சகோதரிகளே. உள்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காது. குழந்தைகள் ஹெட்ஃபோனில் கேட்பது 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 78 என்றால் 20 மணி, 81 என்றால் 10 மணிதான். ஆகவே கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, அளவைப் பார்த்த பிறகே ஹெட்ஃபோனை மாட்டப் பழக்குங்கள். திடீர்ச் சத்தத்துக்குப் பின் காது மந்தமானாலோ, மறுநாளும் இரைச்சல் நிற்காவிட்டாலோ, கைவைத்தியம், எண்ணெய் எதுவும் வேண்டாம். உடனே காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

என் பையனுக்கு மத்தியானத்துக்குள் இரைச்சல் நின்றுவிட்டது. ஆனால் நான் திட்டியது? அன்று சாயங்காலம் அவனுக்குப் பிடித்த வெங்காய பஜ்ஜியைத் தட்டில் வைத்து, "அம்மா தப்பாத் திட்டிட்டேன்டா கண்ணா" என்றேன்.

பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "இனிமே மொதல்ல கேட்டுட்டு அப்புறம் திட்டும்மா" என்றானே பார்க்கலாம்!